மலைப்பாம்புக்கு ஒரு சூடான மூலை

1

மலேசியாவின் தைப்பிங்கில் நாங்கள் எதையும் சூடாக வைத்திருக்கப் பாடுபட்டதில்லை. ஆற வைக்கத்தான் பாடுபட்டோம். கோப்பியை ஆற்றினோம், சோற்றை ஆற்றினோம், பள்ளிவிட்டு வந்ததும் மின்விசிறிக்குக் கீழே நின்று முதுகை ஆற்றினோம். 'கதகதப்பு' என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைக் கதைகளில் பலமுறை படித்திருக்கிறேன். காய்ச்சலுக்கு முந்திய நிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி கதகதப்பை உணர்ந்தாள் என்று வந்தால், பாவம், மாத்திரை வாங்கித் தர ஆளில்லையே என்று தோன்றும்.

1985 டிசம்பரில் கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். முதல் நாள் காலை குழாயடியில் பல் துலக்கியபோது விரல்கள் மரத்துப்போய் பிரஷ் கீழே விழுந்தது. என் கணவர் பழனிசாமி சிரித்துவிட்டு, குளியலறை அண்டாவின் கீழே எரிந்த விறகடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். பாதத்தில் தொடங்கிய சூடு முழங்காலுக்கு ஏறி, மெல்ல வயிற்றுக்கு வந்தபோதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. அன்றைய நாட்குறிப்பில் வேறொன்றும் இல்லை. தேதியும், 'கதகதப்பு என்றால் இதுதான்' என்ற ஒரு வரியும்தான்.

நான் இன்னும் மலேசியக் குடிமகள். ஆண்டுதோறும் ஜனவரியில் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்த 1998 ஜனவரியிலும் போனேன். அங்கே கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை. "மனெயல்லி எஷ்டு ஜனா?" என்று எழுத்தர் கேட்டார். வீட்டில் எத்தனை பேர் என்கிறார். "மூரு" என்றேன், மூன்று. சொன்ன பிறகு ஒரு கணம் தயங்கிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாகே? பேறெ யாராதரூ இத்தாரா?"

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டவரிடம் இல்லை என்று தலையாட்டினேன். இருந்தது. ஆனால் அந்த நான்காவது உயிருக்கான காகிதம் வேறு அலுவலகத்தில், என் கணவர் பெயரில் இருக்கிறது. அது ஒரு மலைப்பாம்புக் குட்டி.

2

மைசூரைச் சுற்றி நவம்பரில் கரும்பு வெட்டு மும்முரமாக இருக்கும். அப்படி ஒரு தோட்டத்தில் வெட்டரிவாள் பட்டு, முதுகில் காயத்தோடு கிடந்த குட்டியை வனத்துறை ஆட்கள் கோணிப்பையில் கட்டி, எங்கள் தெருவில் இருக்கும் கால்நடை மருத்துவர் சுமித்ராவிடம் கொண்டுவந்தார்கள். அவர் தையல் போட்டுக் காப்பாற்றிவிட்டார். என் கை நீளம்தான் இருந்தது. உடம்பெங்கும் பழுப்புத் திட்டுகள், காய்ந்த தேக்கிலை மாதிரி.

எங்கள் மகள் காவ்யாவுக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் டாக்டர் வீட்டுக்குத்தான் போவாள். அப்பாவிடமும் தெருப்பிள்ளைகளிடமும் அவள் பேசுவது கன்னடம். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் விருந்தாளியிடம் பேசுவதுபோல அளந்து. நான் மலேசியப் பழக்கத்தில் வாக்கிய முடிவில் 'லா' போட்டால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது. "அம்மா, அந்த லா-வ எங்கேந்து கொண்டு வந்தே?" என்பாள். கப்பலில், என்று சொல்லியிருக்கிறேன்.

பாம்பை எங்கே வைப்பது என்பதுதான் டாக்டரின் தலைவலி. மருத்துவமனையில் நாய்கள் குரைக்கின்றன. அவர் வீட்டில் மூன்று பூனைகள். எங்கள் வீட்டில் சைக்கிள் நிறுத்தும் சின்ன அறை காலியாக இருந்தது. காவ்யா அதைச் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் எங்களிடம் கேட்டாள்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள பாம்பா?" என்றார் பழனிசாமி. அவர் பிறந்தது ஹனூர்ப் பக்கம் ராமாபுரம். அவர் தமிழில் அந்த மண்ணின் இழுப்பு இன்னும் இருக்கிறது. "எங்கூர்ல இத மூணு மைல் தூரத்துல பாத்தாலே ஓடுவோம்."

"எங்க ஊர்ல கால்வாயிலயே கிடக்கும்" என்றேன். பெருமை பேசவில்லை. தைப்பிங்கில் அடைமழைக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், மலைப்பாம்பு ஒதுங்குவது வழக்கம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் வாத்து காணாமல் போகும், தீயணைப்பு நிலையமான பொம்பாவுக்குத் தொலைபேசி போகும், அவர்கள் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போவார்கள். பினாங்கில் பீடத்தின் மேலேயே பச்சைப் பாம்புகள் படுத்திருக்கும் சீனக் கோயிலுக்குச் சிறுவயதில் போயிருக்கிறேன். இந்தப் பாம்புக்குக் குளிருமா என்று யாரும் அங்கே கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

டாக்டர் சுமித்ரா யோசிக்க வைத்தார். தேவி என்ற என் பெயரோடு கன்னட மரியாதைக்கு 'அவரே' சேர்த்துத்தான் பேசுவார். "காயம் ஆறணும்னா சாப்பிடணும். சாப்பிட்டது ஜீரணம் ஆகணும்னா சூடு வேணும். நம்ம மாதிரி அதுக்கு உள்ளே அடுப்பு இல்ல, தேவியவரே. வெளியே இருந்துதான் எடுத்துக்கணும். இந்த டிசம்பர் ராத்திரியில அதோட வயிறு அப்படியே நின்னு போயிடும்."

அனுமதி தர வந்த வனத்துறை ரேஞ்சர் கண்டிப்பானவர். நான் கையெழுத்துப் போடப் போனதும் காகிதத்தை இழுத்துக்கொண்டார். "மேடம் ஃபாரினரு. இது ஷெட்யூல் அனிமல். பேடா." சட்டம் பாதுகாக்கும் விலங்குக்கு வெளிநாட்டவர் கையெழுத்து வேண்டாமாம், எனவே பழனிசாமி கையெழுத்திட்டார். சங்கராந்தி வரை நேரம். அதற்குள் குட்டி தின்று, தின்றதைச் செரித்தால், வெயில் காலம் வரை எங்களிடம் வைத்திருந்து பிறகு காட்டில் விடலாம். இல்லையென்றால் அரசாங்கக் கூண்டுக்கு எடுத்துப்போய்விடுவார்.

அவர் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அது திறந்தவெளிக் கூண்டு. இந்தக் குளிர்ல அங்கே போனா முடிஞ்சது."

தாழ்த்திய குரல் காவ்யாவுக்கு நன்றாகவே கேட்டுவிட்டது.

3

மலைப்பாம்பை வெப்பமாக வைப்பது என்றால் ஒரு விளக்கை எரியவிடுவது என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: பெட்டி முழுவதையும் சூடாக்கக் கூடாது. ஒரு கோடியில் முப்பத்திரண்டு டிகிரி, மறுகோடியில் இருபத்தாறு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஓர் இடம். பாம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கும். நாம் கொடுப்பது சூடு அல்ல, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே நடக்க ஒரு வழி.

"பாதிப் பொட்டிய சும்மா குளுருல உடறதா? கஞ்சத்தனமா இருக்குதே" என்றார் பழனிசாமி.

"உங்களுக்குக் குளிர்னா வெயில்ல நிக்கிறீங்க. சுட்டா நிழலுக்கு வர்றீங்கல்ல? அதுக்கு நிழல் வேண்டாமா?" என்றார் டாக்டர்.

சூடான கல், சூடான தகடு எதுவும் பாம்பின் அடியில் கூடாது என்றார். அடிவயிறு வெந்துபோகும்வரை அது நகராமலே கிடக்குமாம். பல்பு பாம்புக்கு எட்டக் கூடாது. எட்டினால் சுற்றிக்கொள்ளும்.

பழனிசாமி ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பெட்டியைப் பற்றியே யோசித்திருக்கிறார். பழைய அலமாரிப் பலகையில் நீளப் பெட்டி, முன்னால் கண்ணாடி, மூடியின் ஒரு கோடியில் கம்பிவலை. வலைக்கு மேலே, பெட்டிக்கு வெளியே, கவிழ்த்த பால்மாவு டின். டின்னுக்குள் பல்பு. வெளிச்சம் வெளியே சிதறாது, சூடு வலை வழியே கீழே இறங்கும். டின்னின் மேற்பக்கம் காற்றுப்போக ஆணியால் துளைகள் போட்டார்.

ஒரு ஞாயிறு, மற்ற சாமான்களுக்காக மண்டி மொஹல்லா போனோம். சந்துக்குள் ஸ்கூட்டர்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு மின்சாமான் கடை. கடைக்காரர் எங்கள் தமிழைக் கேட்டதும் தன் தமிழை எடுத்தார்.

"சூடு வேணுமா? ரூம் ஹீட்டர் எடுத்துக்கிட்டு போங்க சார். ரெண்டு காயில். பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?"

"பாம்புக்கு" என்றாள் காவ்யா.

"யாருக்கு?"

"ஹாவு அங்க்கள், ஹாவு." கன்னடத்தில் பாம்பு என்று விளக்கினாள்.

கடைக்காரர் பழனிசாமியைப் பார்த்தார். "சாமிக்கா சார்? கோயிலுக்கா?"

"இல்லீங்க, ஊட்டுக்கு."

பக்கத்தில் ஒயர் வாங்கிக்கொண்டிருந்தவர் எங்கள் துணிப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். கடைக்காரர் ஹீட்டரை மறுபடி அலமாரியில் வைத்தார். "அப்ப காயில் வேணாம் சார். அதுவும் சுருளு, இதுவும் சுருளு. எது எதுன்னு எனக்கே தெரியாது."

கடைசியில், முட்டை பொரிக்கும் பெட்டிக்காக வந்திருந்த ஒரு தெர்மோஸ்டாட் கிடைத்தது. நீளமான ஒயரின் நுனியில் ஒரு சின்ன உணர்குழல். அதைப் பெட்டிக்குள் சூடான கோடியில் வைத்தால், முப்பத்திரண்டைத் தொட்டதும் பல்பை அணைக்கும், குறைந்ததும் ஏற்றும். இரண்டு வெப்பமானிகளும் வாங்கினோம்.

பாம்பை உடனே விடவில்லை. ஒரு வாரம் வெறும் பெட்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலியான பெட்டிக்கு முன்னால் நாங்கள் மூவரும் உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். டிவி ரிப்பேரா என்று மறுநாள் விசாரித்தார்.

மூன்றாம் நாள் காவ்யா ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெப்பமானியை நாங்கள் சுவரில் தொங்கவிட்டிருந்தோம். அவள் அதைக் கழற்றித் தரையில் போட்டாள். நான்கு டிகிரி இறங்கிவிட்டது.

"ஹாவு கோடெ மேலெ மலகத்தா?" என்று கேட்டாள். பாம்பு என்ன சுவரிலா படுக்கும்?

அன்று முதல் வெப்பமானியும் உணர்குழலும் தரைக்கு வந்தன.

சூடான கோடிக்கு அவள் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். கன்னடத்தில் 'பெச்சகெ'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கதகதப்பு என்றேன். உச்சரித்துப் பார்த்தாள். "இது ஜாஸ்தி நல்லாருக்கு. வண்டி ஓடற சத்தம்" என்று அதையும் கீழே எழுதிக்கொண்டாள், கன்னட எழுத்தில். மலேசியாவில் எனக்குப் பயன்படாமல் கிடந்த ஒரு தமிழ்ச்சொல், கன்னட எழுத்தில் ஒரு பாம்புப் பெட்டிமேல் ஏறியிருக்கிறது. எந்த மொழிக்கு இது வரவு என்று தெரியவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

4

டிசம்பர் முதல் வாரம் குட்டி பெட்டிக்கு வந்தது. முதல் நாள் குளிர்ந்த கோடியிலிருந்த ஓட்டுத் துண்டின் அடியில் ஒளிந்தது. மறுநாள் தலையை மட்டும் நீட்டியது. மூன்றாம் நாள், நாங்கள் யாரும் பார்க்காதபோது, சூடான மூலைக்குப் போய்ச் சுருண்டிருந்தது. அதற்கு வழி சொன்னவர்கள் யாருமில்லை.

டாக்டர் ஒரு செத்த வெள்ளெலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய டம்ளரை எடுத்து, அடியில் ஆணியால் பெருக்கல் குறி கீறி, சைக்கிள் அறையிலேயே வைத்தேன். இருந்தாலும் பழனிசாமி ஒரு வாரம் ஒவ்வொரு டம்ளரையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

எலியைத் தின்றது. காவ்யா தெருவெல்லாம் சொன்னாள்.

அந்த வாரம் மின்வெட்டு கூடியது. மாலையில் ஒரு மணி நேரம் போவது எங்களுக்குப் பழக்கம்தான். அன்று அந்தி சாயும் முன் போன மின்சாரம் இரவுச் சாப்பாடு முடிந்தும் வரவில்லை. தரையில் இருந்த வெப்பமானி மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறங்கிக்கொண்டே போனது. மறுநாள் காலை பெட்டியைத் திறந்ததும் நாற்றம். தின்ற எலி பாதி கரைந்து வெளியே கிடந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். தையல் போட்ட இடத்தையும் தடவிப் பார்த்தார்.

"செரிக்கலை, கக்கிடுச்சு. ரெண்டு வாரம் ஒண்ணும் கொடுக்க வேண்டாம். அப்புறம் சின்ன எலி ஒண்ணு. இன்னொரு தடவை கக்கினா இது தாங்காது. ரேஞ்சர் வரவேண்டியதே இல்ல."

காவ்யா அன்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். போகவைத்தோம்.

அந்த இரண்டு வாரமும் வீடு மின்வெட்டைப் பற்றியே பேசியது. பெட்டியின் வெளிப்பக்கம் தெர்மோகோல் பலகை ஒட்டினோம். மின்சாரம் போனால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிச் சூடான கோடியின் சுவருக்கு வெளியே அணைத்து வைப்பது என்று முடிவானது. பழனிசாமிக்கு இது போதவில்லை. ராமாபுரத்திலிருந்து கொண்டுவந்த கருப்புக் கம்பளி ஒன்று எங்களிடம் உண்டு. குத்தும், ஆனால் குளிர் அண்டாது.

"அதப் போத்தி உட்டா போதும். எங்கூர்ல ஆட்டுக்குட்டியே அதுலதான் பொழைக்கும்" என்றார்.

"ஆட்டுக்குட்டிக்கு உடம்புல சூடு இருக்குதுங்க. கம்பளி அதைப் பிடிச்சு வைக்குது. இதுக்கு எதைப் பிடிச்சு வைக்கும்?" என்றேன்.

"பொட்டிக்குள்ள இருக்கற சூட்டப் புடிச்சு வெக்குமல்ல?"

அதுவும் சரிதான்.

5

டிசம்பர் கடைசி ஞாயிறு சின்ன எலியைக் கொடுத்தோம். தின்றது. மறுநாள் மாலை மின்சாரம் போனது.

மைசூரில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பிங்கில் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அங்கே இத்தனை மின்வெட்டு இல்லை. மின்சாரம் போனால் இங்கே யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. போட்டே வைப்பார்கள். அப்போதுதான் வந்தது தெரியும். தெரு முழுக்க இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரே நொடியில் எல்லா வீட்டு விளக்கும் எரியும், பிள்ளைகள் "கரெண்ட் பந்த்து!" என்று கத்துவார்கள், கரெண்ட் வந்துவிட்டதாம். அந்தக் கூச்சல் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த சத்தங்களில் ஒன்று.

அன்று பழனிசாமிக்கு இரவு ஷிஃப்ட். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகும் முன் வெந்நீர்ப் பையை வைத்தார். வைத்தவர் ஒரு நிமிடம் நின்றிருக்கிறார், மனசு கேட்கவில்லை. கம்பளியை எடுத்துவந்து பெட்டி முழுக்கப் போர்த்தி, நாலு பக்கமும் குழந்தைக்குச் செருகுவதுபோலச் செருகிவிட்டுப் போனார். பால்மாவு டின்னும் கம்பளிக்குள் போயிற்று. டின்னின் துளைகளும். செருகும்போது தெர்மோஸ்டாட்டின் ஒயர் இழுபட்டு, உணர்குழல் பெட்டியிலிருந்து வெளியே வந்து சில்லென்ற சிமெண்டுத் தரையில் விழுந்தது. இருட்டில் அவருக்கு அது தெரிய வழியில்லை. பெட்டியின் சுவிட்ச், தெருவிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் போல, போட்டபடி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. தெரு கத்தியது. நான் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். காவ்யா கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது முடி கருகும் வாசம். அடுப்பைப் பார்த்தேன். என் பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் காவ்யா சைக்கிள் அறை வாசலில் நின்று கத்தினாள். "அம்மா! ஹொகே!"

புகை. கம்பளியின் நடுவில், டின் இருந்த இடத்தில், மெல்லிய நூலாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. தீ இல்லை. கம்பளி தீப்பிடிக்காமல் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருந்தது. நான் கம்பளியை இழுக்கக் கை நீட்டினேன்.

"முட்டபேடா! தொடாதே! ஸ்விட்ச் மொதல்லு!"

அவள்தான் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். பிறகு நான் கம்பளியின் நுனியைப் பிடித்து இழுத்து முற்றத்தில் வீசி, வாளித் தண்ணீரை ஊற்றினேன். டின்னின் பெயின்ட் கொப்பளித்திருந்தது. மூடியின் மரம் டின் விளிம்பைச் சுற்றி வட்டமாகக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்சநேரம் ஆகியிருந்தால் மரம் தீப்பிடித்திருக்கும். அதையொட்டித்தான் எங்கள் மண்ணெண்ணெய் டப்பா.

நடந்தது இதுதான். உணர்குழல் குளிர்ந்த தரையில் கிடந்தது. அதைப் பொறுத்தவரை பெட்டி இன்னும் சில்லென்று இருக்கிறது. ஆகவே பல்பை அணைக்கவே இல்லை. சூடான கோடியில் வெப்பமானி நாற்பத்தைந்தைக் காட்டியது.

பாம்பு அங்கே இல்லை.

காவ்யா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி மறுகோடியைப் பார்த்தாள். கஞ்சத்தனம் என்று அவள் அப்பா சொன்ன அந்தக் குளிர்ந்த மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி, உடம்பில் பாதியைத் தண்ணீருக்குள் விட்டு, குட்டி படுத்திருந்தது. நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்தது.

"இதே" என்றாள் காவ்யா. இருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

6

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த பழனிசாமி முற்றத்தில் கிடந்த கம்பளியைப் பார்த்தார். நடுவில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் டின்னைத் தடவிப் பார்த்தார்.

"குளுருமேன்னு போத்தினேன் புள்ள."

"தெரியுங்க."

"ஊட்டையே கொளுத்தியிருப்பேன்." செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சொன்னார்: "ஃபேக்டரில இப்பிடி நடக்காது. அங்க கரெண்ட் போயி வந்தா எந்த மெஷினும் தானா ஓடாது. கைய உள்ள வெச்சிருப்பான் ஒருத்தன். யாராச்சும் வந்து பச்சப் பட்டன அமுக்கினாத்தான் ஓடும். ஊட்லதான் எல்லாம் தானா வருது. நாமளும் சுவிட்சப் போட்டு வெச்சுக் காத்திருக்கறோம்."

பன்னிரண்டு வருடமாக நான் ரசித்த "கரெண்ட் பந்த்து" கூச்சலை முதல் தடவை வேறு மாதிரி கேட்டேன். அந்த ஒரு நொடியில் தெருவெங்கும் எத்தனை இஸ்திரிப் பெட்டிகள், எத்தனை வெந்நீர்க் கம்பிகள், ஆளில்லாத அறைகளில் தாமாக விழித்துக்கொள்கின்றன!

அன்று மாலையே மண்டி மொஹல்லாவின் பழைய சாமான் சந்தில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி வாங்கிவந்தார், பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு. மின்சாரம் போனால் விழுந்துவிடும். வந்தாலும் எழாது, யாராவது அமுக்க வேண்டும். உணர்குழலைத் தரையோடு சேர்த்துப் பட்டையடித்து இறுக்கினார். டின்னைச் சுற்றிக் கம்பிக்கூடு வைத்தார், துணி எதுவும் அதன்மேல் படியாதபடி.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. யாரும் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்தால், பெட்டி குளிர்ந்தே கிடக்கும். குட்டி வயிற்றில் எலி இருந்தால் மறுபடி கக்கும். டாக்டரிடம் கேட்டேன்.

"குளிர்ந்தா கக்கலாம். தீப்பிடிச்சா யாரும் மிஞ்ச மாட்டீங்க. ரெண்டுல எது வேணும் தேவியவரே? சாப்பாடு கொடுத்த நாலஞ்சு நாள் யாராவது வீட்டுல இருங்க, அவ்வளவுதான்."

பொத்தானை அமுக்கும் வேலையைக் காவ்யா எடுத்துக்கொண்டாள். மின்சாரம் வந்ததும் தெருப்பிள்ளைகள் கத்துவார்கள், இவள் கத்தமாட்டாள். எழுந்து போய், உள்ளே பார்த்து, உணர்குழல் தரையில் இருக்கிறதா, டின்மேல் எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்குவாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள், அல்லது நேர்மாறாக. நான் எந்த மொழி என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். சொல்ல அவளுக்கு ஏதோ இருந்தது.

எலி வயிற்றிலேயே இருந்ததா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. கக்கவில்லை. ஆனால் கக்காதது மட்டும் போதாதாம், செரித்து வெளியே வர வேண்டும். புத்தாண்டு வந்தது. நாங்கள் தினமும் காலையில் பெட்டியில் விரித்த செய்தித்தாளைப் பார்த்தோம். தைப்பிங்கிலிருந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல அழைத்த அக்காவிடம், என்ன விசேஷம் என்று அவள் கேட்டபோது, பாம்பு இன்னும் வெளிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். "உனக்கு அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே லா?" என்றாள்.

சங்கராந்திக்கு முந்திய வாரம் ஒரு காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், காவ்யா வீட்டையே எழுப்பினாள். செய்தித்தாளின் மேல், சூடான கோடிக்குப் பக்கத்தில், கருப்பாக ஒரு சிறு கட்டியும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்றும் இருந்தன. டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, குச்சியால் கிளறிப் பார்த்தார். எலி மயிர் இருந்தது. எலும்பு இல்லை.

"ஃபஸ்ட் கிளாஸ்!" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர், கூடவே கோணிப்பையும் கம்பும் பிடித்த ஒரு ஊழியர். சங்கராந்தி நெருங்கிவிட்டது, எடுத்துப்போகத் தயாராகவே வந்திருந்தார். உள்ளே வந்து, ஒரு செய்தித்தாளைச் சுற்றி நான்கு பேர் குனிந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"பதுகிதெயா?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறதா?

பழனிசாமி செய்தித்தாளை இரண்டு கையாலும் பிடித்து, தாம்பாளம் மாதிரி அவர் முன் நீட்டினார். டாக்டர் அது என்ன, அதன் பொருள் என்ன என்று கன்னடத்தில் விளக்கினார். ரேஞ்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே முழுவதையும் கேட்டார். கடைசியில் பேனாவைத் திறந்தார்.

"ஃபைலல்லி ஏனந்த பரெயோது?" என்றார் டாக்டரிடம். கோப்பில் என்னவென்று எழுதுவது?

"இதையே ஒரு கவர்ல போட்டுப் பைல்ல கட்டிக் குடுத்தர்லாங்களா சார்?" என்றார் பழனிசாமி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"பேடா, பேடா." அவசரமாகப் பின்வாங்கினார் ரேஞ்சர். எழுதினார். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது, மார்ச் கடைசி வரை இங்கேயே இருக்கலாம். கோணிப்பைக்காரரைப் பார்த்து, வெளியே போ என்று தலையசைத்தார்.

போகும் முன் பெட்டியருகே குனிந்தார். சூடான கோடியில் குட்டி மூன்று சுற்றாகச் சுருண்டிருந்தது. நன்றாகப் பார்க்க ரேஞ்சர் கண்ணாடியில் கையை வைத்தார். காலைப் பனியில் ஜீப்பில் வந்த கை, விறைத்திருந்தது. மற்றக் கையையும் வைத்தார். எடுப்பதாக இல்லை.

"சார்" என்றாள் காவ்யா. "கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. நீங்க அதோட சூட்டை எடுத்துக்கறீங்க."